அலுமினியப் பொடி படிந்த பத்துக் கணினிகள்

முப்பதைத் தாண்டிய நம்மைப் போன்றவர்கள் எங்கே கூடினாலும் பேச்சு ஒரு கட்டத்தில் பழைய கணினிகளுக்கு வந்துவிடுகிறது. பழுப்பேறிய வெள்ளைப் பெட்டி, முதுகு புடைத்த மானிட்டர், அடியில் உருண்டை வைத்த மவுஸ். சொன்னதும் எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு வரும். எனக்கு வராது. எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. பெட்டிகள் மேல் இல்லை. யார் மேல் என்று வரிசைப்படுத்திப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போது அந்த வரிசையில் நானும் இருப்பேன் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். எம். புதுப்பட்டியைச் சுற்றியிருக்கும் பட்டாசு ஊர்களில் ஒன்றில் அம்மா கணக்கு டீச்சர். அதே பள்ளியில்தான் நானும் படித்தேன். பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க சிவகாசிக்குப் பஸ் ஏற வேண்டும். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். மாலைப் பஸ்ஸில் கம்பெனி வேலை முடிந்தவர்கள் படி கொள்ளாமல் தொங்குவார்கள். பையன்களும் சேர்ந்து தொங்கினார்கள். பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் பத்தாம் வகுப்போடு நின்றார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா அந்த வருடம் பத்தாம் வகுப்பு. அவளுடைய அப்பா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். மகள் படிப்பதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. பஸ்தான் பிரச்சினை.

“நடந்து போற தூரத்துல இருந்தா எம்புட்டு வேணாலும் படிக்கட்டும் டீச்சர். அந்தப் பஸ்ஸுல ஏத்தி அனுப்பிட்டு, வேல செய்யிற எடத்துல என் புத்தி எங்கன நிக்கும்? என் வேலையில புத்தி தப்புனா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியும்” என்றார் அம்மாவிடம்.

அதே வருடம்தான் எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் தொடங்கலாம் என்ற பேச்சு வந்தது. ஒரே ஒரு பிரிவு, கணக்கும் கணினியும். அதற்கு ஒரு நிபந்தனை. எட்டு கணினிகளாவது ஓடும் நிலையில் இருக்க வேண்டும். ஜூன் முதல் வாரம் சூலக்கரை கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். பள்ளியில் இருந்தது ஒன்று. தலைமையாசிரியர் அறையில், பூப்போட்ட உறைக்குள். அவரைப் பெரிய சார் என்போம். சம்பளப் பட்டியல் அடிக்கிற நாளில் மட்டும் பெரிய சார் அந்த உறையைக் கழற்றுவார்.

ஆக, எட்டு ஓடினால் அக்கா பள்ளிக்கூடம் வருவாள். ஓடாவிட்டால் ஊருக்குள்ளேயே இருக்கும், பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டும் செட்டுக்குப் போவாள். இந்தக் கணக்கை எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு பட்டாசுக் கம்பெனி தன் அலுவலகத்துக் கணினிகளை மாற்றியது. பழையவை பத்தையும் பள்ளிக்கே கொடுத்துவிட்டார்கள். சரவெடி அட்டைப்பெட்டிகளில் வைத்து மினி லாரியில் வந்து இறங்கின. பெரிய சார் சிவகாசியிலிருந்து ஒரு சர்வீஸ் அண்ணனை வரவழைத்தார். அவர் ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். மூன்றில் விளக்கு எரிந்தது. மற்றவை முனகக்கூட இல்லை.

“போர்டு போச்சு சார். மிச்ச மூணும் அறுபத்திநாலு எம்பி ராம். இதுல இப்ப ஒண்ணும் ஓடாது. பழைய இரும்புக்குப் போட்டுருங்க.”

பெரிய சார் பழைய இரும்புக்குப் போடவில்லை. இருப்புப் பதிவேட்டில் பத்து என்று எழுதிவிட்டிருந்தார். எழுதியதை அடிப்பது அவருக்குப் பிடிக்காது. அவருடைய அந்தப் பிடிவாதத்துக்கு மட்டும் இன்றும் நன்றி சொல்கிறேன். பத்தும் ஆய்வுக்கூடத்தின் மூலையில் கிடந்தன.

அம்மா ஒரு சனிக்கிழமை அந்த அறையைச் சுத்தம் செய்ய எங்களைக் கூட்டிப்போனார். அக்காதான் ஒரு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே எல்லாம் வெள்ளி பூசியதுபோல மினுங்கியது. விசிறி, கம்பிகள், பச்சை போர்டு, எல்லாவற்றின் மேலும் நைசான சாம்பல்நிறத் தூள். விரலில் தொட்டால் பவுடர்போல ஒட்டிக்கொண்டது. அக்கா முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இது அலுமினியப் பொடி பிள்ள. எங்க அப்பா சட்டையில இருக்குமே, அதேதான்.”

கம்பெனி அலுவலகத்துக்குள் தொழிலாளர்கள் வந்துபோகும்போது உடுப்போடு வந்த பொடி அது. வருடக்கணக்கில் விசிறி அதை உள்ளே இழுத்திருக்கிறது. அலுமினியம் மின்சாரம் கடத்தும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். போர்டு போகவில்லை. போகக் கூடாத வழியிலெல்லாம் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. இதை நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். யார் முதலில் சொன்னது என்று அப்புறம் ஒரு வாரம் சண்டை.

நான் சைக்கிள் பம்பை எடுத்துவந்து ஊதலாம் என்றேன். அக்கா என் கையிலிருந்து பம்பைப் பிடுங்கித் தன் அப்பாவைக் கூப்பிட ஓடினாள். அவர் சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் வந்தார்.

“ஊதாதீக. ஊதுனா காத்துல பறக்கும், பறந்தா ஒரு பொறி போதும். மரத்தடிக்குக் கொண்டு போங்க. மெதுவா, பெயின்ட் பிரஷ்ஷு வச்சுத் தள்ளுங்க. ஈரத் துணியில வாங்குங்க. கரண்டு பக்கத்துலயே இருக்கக் கூடாது.”

அப்புறம் இன்னொன்று சொன்னார். மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை எல்லாரும் தொட வேண்டுமாம். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். “இதுவும் மின்சார சாமான்தானே, எதுக்கும் தொட்டுட்டே தொடுங்க” என்று பள்ளியின் அடிகுழாயைக் காட்டினார். ராம் பட்டையைக் கையில் எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அடிகுழாயைத் தொட்டுவிட்டு வந்தோம். பின்னாளில் கல்லூரியில் இதே பாடத்தை மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு படித்தேன். சர்வீஸ் அண்ணன், உடம்பில் மின்சாரம் ஏற்றும் நைலான் சட்டை போட்டுக்கொண்டு வெறுங்கையால் பிடுங்கிச் சொருகுவதைப் பார்த்திருந்தோம். அக்காவின் அப்பா பார்த்திருந்தால் அவரை அறைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

நான் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தேன். ஒன்றாம் எண்: பொடி, ராம் முனையை ரப்பரால் தேய்த்ததும் உயிர் வந்தது. நான்காம் எண்: கடிகார பேட்டரி இல்லை, தினமும் தேதி தப்பு, எஃப் ஒன் அழுத்தினால் போகும். ஏழாம் எண்: செத்தது, டிஸ்க் மட்டும் நல்லது. ஒன்பதாம் எண்: ஏழாம் எண்ணின் டிஸ்க். அந்த டிஸ்க்கின் முதுகில் அரிசி அளவு ஒரு பிளாஸ்டிக் துண்டை இடம் மாற்றிச் சொருக வேண்டும். என் விரலுக்கு அடங்கவில்லை. அக்கா விடுமுறை நாட்களில் வீட்டில் குழாய் உருட்டிப் பழகியவள். ஒரே சொருகு.

பத்தில் எட்டு எழுந்தன. எழுந்து, கறுப்புத் திரையில் சிஸ்டம் எங்கே என்று கேட்டுவிட்டு நின்றன. கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் முன் டிஸ்க்குகளில் இருந்ததையெல்லாம் அழித்திருந்தார்கள்.

ஏப்ரலில் அம்மா விடைத்தாள் திருத்த விருதுநகர் போனார். திரும்பும்போது ரயில் நிலையக் கடையில் எனக்காக ஒரு கணினி இதழ் வாங்கி வந்தார். அதோடு ஒரு சிடி. அதில் இருந்த பத்துப் பதினைந்து சரக்குகளில் ஒன்று, ஐம்பது எம்பிக்குள் அடங்கிய ஒரு குட்டி லினக்ஸ். பழைய கணினிக்கென்றே செய்தது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்று இதழில் போட்டிருந்தது. அம்மா அந்த வரியை மூன்று முறை படித்தார். ஓசியில் கிடைப்பது திருட்டாக இருக்குமோ என்று பயம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர் வேறு.

“எழுதிக் குடுத்திருக்காகல்ல டீச்சர், எடுத்துக்கோன்னு” என்றாள் அக்கா. “கேக்காம குடுக்கிறத வேண்டாம்னு சொல்றதுதான் பாவம்.”

சிடியில் ஏற மறுத்த இரண்டு கணினிகளுக்கு ஃப்ளாப்பியில் ஒரு சின்னத் தொடக்கம் எழுதி, அங்கிருந்து சிடிக்குத் தாண்ட வேண்டும். இதழில் கால் பக்கம் எழுதியிருந்தார்கள். கத்திரி வெயில், மதியம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு, ஓட்டுக்கூரை. ஐந்து ஃப்ளாப்பிகளைப் பாழாக்கி ஆறாவதில் ஏறியது. திரை நீலமாகி, வலது மூலையில் கடிகாரம் வந்து, சுட்டி அசைந்தது. இரண்டு நிமிடத்துக்குள். அக்கா மானிட்டர் கண்ணாடியில் முழங்கையை வைத்துச் சிரித்தாள். கையிலிருந்த பூனைமுடி எல்லாம் எழுந்து நின்றது.

மே முழுக்க அவள் அங்கேதான் இருந்தாள். கட்டளைகளைச் சுவரில் சாக்கட்டியால் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, புரிந்ததை அழிப்பாள். நான் நோட்டில் எழுதி வைத்தேன்; அவள் தலையில் வைத்தாள். மே கடைசியில் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. கணக்கில் பள்ளியிலேயே இரண்டாவது. அம்மா, எட்டு கணினிகள் ஓடுகின்றன, லினக்ஸ் போட்டிருக்கிறோம், இரண்டு நிமிடத்தில் தயாராகின்றன என்று அதிகாரிக்கு விவரமாகக் கடிதம் எழுதினார். பெரிய சார் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்திருந்தால் அப்போதே தடுத்திருப்பார்.

அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் அவர் அறைக்குள் வந்து பார்த்தார்.

“இது என்ன டீச்சர், பென்குயின் படம்? ஸ்டார்ட் பட்டன் எங்க?”

“இதுல அது வேற மாதிரி இருக்கும் சார். எல்லாம் ஓடுது. பாருங்க.”

“ஓடுறது கெடக்கட்டும். ஆபீசர் வந்து இதைப் பாத்தா என்ன நெனப்பாக? கம்ப்யூட்டர் வாங்க வக்கில்லாம என்னத்தையோ ஒப்பேத்தி வச்சிருக்கான்னுல்ல நெனப்பாக. வெளிய இருந்து வர்றவுகளுக்கு நம்ம இல்லாத்தனத்தக் காட்டலாமா?”

அவர் கெட்டவர் இல்லை. விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிப் போடுகிற ஊர் எங்கள் ஊர். அந்த மரியாதையைத்தான் அவர் கணினிக்கும் செய்ய நினைத்தார். மறுநாள் காலையில் சர்வீஸ் அண்ணன் விண்டோஸ் சிடியும் பையுமாக வந்து நின்றார். அதே நைலான் சட்டை.

“அண்ணே, அறுபத்திநாலு எம்பியில ஒண்ணும் ஓடாதுன்னு நீங்கதானே சொன்னீக?” என்றேன்.

“ஏறும் பாப்பா.”

“ஓடுமா?”

“ஏறும்னு சொன்னேன்ல. தள்ளு.”

அக்கா ஒதுங்கி வழிவிட்டாள். சுவரில் மிச்சமிருந்த கட்டளைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். நோட்டைத் திறந்து காட்டினேன். விண்டோஸ் எக்ஸ்பிக்கு இவ்வளவு ராம் வேண்டும், நம்மிடம் இவ்வளவு, மேலே ஆன்டிவைரஸ் வேறு போடப்போகிறார். அம்மாவுக்குப் புரிந்தது. கணக்கு டீச்சருக்குப் புரியாமல் இருக்குமா?

“பெரிய சார் சொல்லிட்டாக. அவுகளுக்கு மேல நாம என்னத்தச் சொல்ல? போ, அண்ணனுக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடு.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். சொம்பைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் எண் கணினியில் டிஸ்க் அழிபட்டுக்கொண்டிருந்த மஞ்சள் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கத்தல் கத்தியிருக்கலாம். அவர் சிடியையாவது ஒளித்து வைத்திருக்கலாம். பதினான்கு வயதில் நான் நல்ல பிள்ளை என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அதிகாரி பெண். பருத்திப் புடவை, தோளில் தொங்கும் பை. ஜீப்பிலிருந்து இறங்கியவர் காபி வேண்டாமென்று நேராக அறைக்கு வந்தார். பெரிய சார் பெற்றோர்கள் சிலரையும் வரச்சொல்லியிருந்தார். அக்காவின் அப்பா கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, துவைத்த வெள்ளைச் சட்டையில் கதவோரம் நின்றார். எட்டு கணினிகளையும் ஒன்றாகப் போட்டார்கள். எட்டிலும் விண்டோஸ் படம் வந்தது. பெரிய சார் நிமிர்ந்தார்.

அப்புறம் மணல் கடிகாரம் வந்தது. போகவில்லை. டிஸ்க்குகள் உள்ளே கரகரவென்று அரைத்தன. ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். இரண்டாம் எண் நீலத் திரையில் நின்றது. நான்காம் எண் எஃப் ஒன் கேட்டபடி இருந்தது; அதை அழுத்த வேண்டுமென்று அங்கே முன்வரிசையில் நின்ற யாருக்கும் தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் பின்னால் நின்றோம். அதிகாரி ஒன்றில் ஒரு கோப்பைத் திறக்கச் சுட்டியை அழுத்தினார், காத்திருந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ரெண்டு நிமிசத்துல தயாராகும்னு கடிதத்துல எழுதியிருந்தீங்களே?”

“அது வேற மேடம்” என்று பெரிய சார் சிரித்தார். “அது ஓசியில வந்த சிஸ்டம். ஒங்களுக்காகத்தான் அத எடுத்துட்டு விண்டோஸ் போட்டிருக்கோம்.”

“எனக்காகவா? லைசன்ஸ் காகிதம் இருக்கா?”

பெரிய சார் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். அதிகாரி நான்கு கணினிகளில் விண்டோஸ் உரிம எண்ணைத் தாளில் எழுதிப் பார்த்தார். நான்கிலும் ஒரே எண்.

“சார், ஓசியில நல்லா ஓடினதை அழிச்சுட்டு, திருட்டுல ஓடாததைப் போட்டு வச்சிருக்கீங்க. ஓடுதா இல்லையான்னு பாக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. உள்ள எது இருக்குன்னு நான் கேக்கவே இல்லையே?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, அந்த லினக்ஸைப் பார்க்க ஆசையாக வந்ததாகவும் சொன்னார். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். ஓடும் நிலையில் எத்தனை என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதினார். மூன்று என்பதே தாராளம்தான். இந்த ஆண்டு பட்டியல் இந்த வாரம் முடிந்துவிடும், அடுத்த ஆய்வு அடுத்த ஆண்டுதான் என்றார்.

“அடுத்த வருசமா?” என்று கதவோரமிருந்து கேட்டார் அக்காவின் அப்பா. அதிகாரி தலையாட்டினார். “சரிங்கம்மா” என்றார் அவர். அக்காவைக் கண்ணால் கூப்பிட்டார். இருவரும் அடிகுழாயைத் தாண்டி வெயிலில் நடந்து போனார்கள். சர்வீஸ் அண்ணன் சொன்னது சரியாகத்தான் இருந்தது: ஏறும் என்றார், ஏறியது.

அடுத்த நான்கு நாளில் எட்டு கணினிகளிலும் மறுபடி லினக்ஸ் போட்டேன். அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்டபோதெல்லாம் ஃப்ளாப்பியை எடுத்துக் கொடுத்தார். எட்டும் ஓடின. பார்க்க யாரும் இல்லை. பெரிய சார் ஒரு தடவை வாசல்வரை வந்து, நின்று, போய்விட்டார். மறு ஆண்டு அதே அதிகாரி வந்தார், இருபது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த முதல் வகுப்பில் பதினான்கு பேர். நான் அதில் ஒருத்தி.

அக்காவையும் சேர்த்துவிடச் சொல்லி அம்மா அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவளுடைய அப்பா சரி என்றார். அக்காதான் மறுத்துவிட்டாள். “ஒரு வருசம் விட்டாச்சு டீச்சர். இவளுககூட உக்காந்து, இவளுகளுக்குக் கீழ மார்க் வாங்கவா?” என்று என்னைக் காட்டிச் சிரித்தாள். அம்மா மேலே வற்புறுத்தவில்லை. அந்த வீட்டில் வற்புறுத்தும் உரிமையை இழந்துவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் வற்புறுத்தவில்லை. எங்களுக்குக் கீழே மார்க் வாங்குவேன் என்று அவள் சொன்னது பொய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதை உரக்கச் சொல்லியிருக்கலாம்.

பள்ளி திறந்து ஒரு வாரத்தில் கணினிப் புத்தகம் வந்தது. மாலையில் அதை எடுத்துக்கொண்டு குழாய் செட்டுக்குப் போனேன். நீளமான கொட்டகை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பழைய தாள்களைக் கம்பியில் சுற்றி உருட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை. அக்காவின் முன்னால் குழாய்கள் மற்றவர்களுடையதைவிட உயரமாகக் குவிந்திருந்தன.

“ஏ பிள்ள, என்ன சொல்லிக் குடுக்காக? காட்டு.”

புத்தகத்தை நீட்டினேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். முழங்கைவரை பசை.

“நீயே பொரட்டு.”

மடியில் வைத்துப் புரட்டினேன். கம்பியை விடாமல், கண்ணை மட்டும் பக்கத்தில் ஓட்டினாள். கணினியின் பாகங்கள். “தெரியும்.” நினைவகம். “தெரியும், அடுத்து.” இயங்குதளம் என்றால் என்ன. “இத நானே நடத்துவேன்” என்றாள், பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கோப்பு, கோப்புறை, கட்டளை. அடுத்து, அடுத்து என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் கை ஒருமுறைகூட நிற்கவில்லை.

நாற்பதாம் பக்கத்துக்கு மேல், நாங்கள் அந்த அறையில் தொட்டே பார்க்காத பாடம் வந்ததும், அவள் அடுத்து என்று சொல்லவில்லை. சொல்லுவாள் என்று நான் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.